ஐந்து ஊர் சேர்ந்தால்தான் ஒரு லோடு

போன மாதம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தார். அவர்கள் பேரூராட்சியில் மகளிர் குழுவினர் சேர்ந்து மக்காத குப்பையைத் தரம் பிரித்து விற்கும் வேலையை எடுத்திருக்கிறார்களாம். "அக்கா, பேலிங் மெஷின் வாங்கப் போறோம். எந்த மெஷின் நல்லதுங்க?" என்று கேட்டார். குப்பையை அமுக்கிக் கட்டாக, அதாவது பேலாக, ஆக்கும் மெஷின் அது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019ல் இதே கேள்வியை நான் மெஷின் விற்பவரிடம் மட்டும்தான் கேட்டேன். வேறு யாரிடமாவது கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதற்குப் பிறகு இரண்டரை வருடத்தில் எங்கள் குழு 4,12,000 ரூபாய் இழந்தது. அதில் பெரும்பகுதி என் நகையை அடகு வைத்த பணம். அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசியதையெல்லாம் எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு பேரூராட்சி. சுற்றிலும் தென்னந்தோப்பு, நார் மில். மக்கள் தொகை பதினைந்தாயிரத்தைத் தாண்டாது. 2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது ஊரில் ஒரு வேகம் இருந்தது. அந்த ஜூன் மாதம் வளம் மீட்புப் பூங்காவில், அதாவது பேரூராட்சி குப்பையைத் தரம் பிரிக்கும் இடத்தில், ஒரு கொட்டகையை எங்கள் குழுவுக்கு ஒதுக்கினார்கள். பதினோரு பெண்கள். தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரும் மக்காத குப்பையை நாங்கள் பிரித்து விற்றுக்கொள்ளலாம், கூலியும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அதற்கு முன் ஒரு நார் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எண்கள் எனக்கு வரும் என்ற நம்பிக்கையில் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன்.

என் முதல் தப்பு எடை போடாமல் கணக்குப் போட்டது. ஊரில் ஒரு நாளைக்கு இவ்வளவு குப்பை, அதில் இத்தனை சதவீதம் மறுசுழற்சிக்கு ஆகும், கிலோ இவ்வளவு விலை என்று ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தேன். மாதம் ஒரு லட்சம் வரும் என்று வந்தது. நிஜத்தில் முதல் மாதம் கிடைத்தது 23,000. காரணம் ரொம்ப எளியது, எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். பழைய பேப்பர், இரும்பு, அலுமினியம், கனமான டப்பா எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களே சேர்த்து வைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் அட்டைப்பெட்டியை விற்றுவிடுகிறார். குப்பை வண்டியில் விழுவது யாரும் காசு கொடுக்காத மிச்சம்: மசாலா கவர், சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே, நசுங்கிய தண்ணீர் பாட்டில், எண்ணெய் கவர், கிழிந்த செருப்பு, உடைந்த கண்ணாடி. எங்கள் ஊரில் ஒரு மாதம் முழுக்க எடை போட்டபோது பெட் பாட்டில் (தண்ணீர் பாட்டில் வகை) 430 கிலோ, அட்டை ஒன்றரை டன், பால் கவர் 140 கிலோ, கெட்டி பிளாஸ்டிக் 200 கிலோ, கண்ணாடி ஏறக்குறைய ஒரு டன். சிப்ஸ், மசாலா கவர் மாதிரிப் பல அடுக்கு ஒட்டிய கவர் மட்டும் மூன்று டன்னுக்கு மேல். அதை யாரும் வாங்குவதில்லை. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் வகைவாரியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பண்டிகை வரும் ஒரு மாதமும் வராத ஒரு மாதமும் அதில் இருக்கட்டும். ஒரு தராசு, ஒரு நோட்டு, இதைவிட மலிவான காப்பீடு இந்தத் தொழிலில் கிடையாது.

அடுத்தது மெஷின். பெட் பாட்டில் காற்றடைத்த சாமான். டாடா ஏஸ் வண்டியில் தலைக்கு மேல் குவித்து ஏற்றினாலும் 150 கிலோ ஏறாது. வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. அமுக்கிப் பேல் போட்டால்தான் ஆலைக்கு அனுப்ப முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்தான். உள்ளூர்க் கடையில் பெட் பாட்டில் கிலோ 22 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஈரோடு பக்கம் ஒரு மறுசுழற்சி ஆலையில் பேலாகக் கொண்டுவந்தால் 38 தருவதாகப் போனில் சொன்னார்கள். அந்த 16 ரூபாய் வித்தியாசம் கண்ணை மறைத்துவிட்டது. 2019 செப்டம்பரில் பழைய ஹைட்ராலிக் மெஷின் ஒன்றை 2,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். மும்முனை மின் இணைப்பு, வைப்புத்தொகை, ஒயரிங் என்று இன்னும் 26,000. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகைக்கடன் சீட்டை மடித்து பீரோவில் வைத்தார், அவ்வளவுதான்.

மெஷின் வந்த பிறகுதான் ஆலையில் சரியாக விசாரித்தேன். குறைந்தது ஐந்து டன் வந்தால்தான் அந்த விலை. மாதம் 430 கிலோ சேரும் ஊரில் ஐந்து டன் சேர பதினோரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை பேலை எங்கே வைப்பது, கூலியை எதிலிருந்து கொடுப்பது? மெஷின் வாரத்தில் அரை நாள் ஓடியது, மீதி நாட்களில் அதன் மேல் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். வருத்தம் என்னவென்றால், நான் முன்பு கணக்கு எழுதிய அதே நார் மில்லில் தேங்காய் நாரை அமுக்கிப் பேல் போடும் மெஷின் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் அப்படி எத்தனையோ மில். வேலை குறைந்த நாளில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். உங்கள் ஊரில் நார் இல்லாவிட்டால் பஞ்சு இருக்கும், வைக்கோல் இருக்கும், அட்டைக் கடை இருக்கும். அமுக்கும் மெஷின் யாரிடம் சும்மா கிடக்கிறது என்று முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

2020 பிப்ரவரியில் 3.4 டன் சேர்ந்திருந்தது. இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆலையில் கெஞ்சிக் கேட்டு, லாரி பிடித்து அனுப்பினேன். போக வாடகை 16,000. மறுநாள் காலை போன் வந்தது, நேரில் வரச் சொன்னார்கள். அங்கே இரண்டு பேலை வெட்டித் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் காட்டினார். பெட் மாதிரியே தெரியும், ஆனால் பி.வி.சி. என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் நாலைந்து, பாட்டிலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டிய பி.வி.சி. லேபிள்கள், உள்ளே எண்ணெய் தங்கிய பாட்டில், மண், பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் கலந்து. மூடியைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, தண்ணீர்த் தொட்டியில் மூடி மிதக்கும், பெட் மூழ்கும், பிரித்துவிடலாம். ஆனால் பி.வி.சி.யும் பெட்டைப் போலவே மூழ்கும். இரண்டும் சேர்ந்து உருக்கும் இடத்துக்குப் போனால், பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகி அமிலப் புகை விடும். மொத்த உருக்கலும் மஞ்சளாகிக் கருப்புப் புள்ளி விழும். ஒரு சில பாட்டில் போதும். லோடு முழுக்கத் திரும்பியது. திரும்பி வர வாடகை 15,000. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

அந்த வாரம்தான் சந்தைப்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அதுவரை அவரைப் போட்டியாளர் என்று நினைத்து ஒதுங்கியே இருந்தேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க குப்பையை விக்கப் பாக்கறீங்க அம்மிணி. ஆலைக்காரன் வாங்குறது சரக்கு" என்றார். ஒரே வகை, ஒரே நிறம், ஒரே சுத்தம், ஒரு லாரி நிறைய. இந்த நாலும் சேர்ந்தால்தான் அதற்குச் சந்தை விலை. நாலில் ஒன்று குறைந்தாலும் எதிராளி சொல்வதுதான் விலை. அப்புறம் பாட்டிலைக் கையால் கசக்கிப் பார்த்து, அடியில் இருக்கும் புள்ளியையும் கோட்டையும் பார்த்து வகை சொல்வது எப்படி என்று இரண்டு மாலை எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெட்டின் அடியில் நடுவே ஒரு புள்ளி இருக்கும், பி.வி.சி. பாட்டிலின் அடியில் ஒரு கோடு இருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் 1 என்பது பெட், 3 என்பது பி.வி.சி. இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு 31,000 ரூபாய் ஆனது. உங்கள் ஊரில் இருக்கும் காயலான் கடைக்காரரை முதல் நாளே போய்ப் பாருங்கள், அவரை விலக்கி வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவரும் அவருக்குப் பொறுக்கிக் கொடுப்பவர்களும் நமக்கு முன்பே இந்த ஊரின் மறுசுழற்சியைச் செய்துகொண்டிருந்தவர்கள்.

பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பேல் போடத் தொடங்கியபோது மார்ச் 25, ஊரடங்கு. ஆலைகள் மூடின. ஏப்ரலில் உலகமெங்கும் கச்சா எண்ணெய் விலை விழுந்தது, அமெரிக்காவில் ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனதை டிவியில் காட்டினார்கள். அதற்கும் எங்கள் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குப் புரியவில்லை. எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும், புதுசே மலிவாகக் கிடைக்கும்போது பழசை யார் வாங்குவார்கள்? மீண்டும் ஆலை திறந்தபோது பெட் விலை பாதிக்கும் கீழே இருந்தது. அட்டைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 2018ல் சீனா வெளிநாட்டுக் கழிவுத்தாளுக்குக் கதவைப் பெருமளவு சாத்தியது, அந்தத் தாளில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்து இறங்கியது, ஆலைகளுக்கு வெளிநாட்டு அட்டை தாராளமாகக் கிடைத்தபோது நம் ஊர் அட்டைக்கு மரியாதை குறைந்தது. ஒரு குக்கிராமத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அட்டை கட்டும் பெண்ணின் கூலியை எங்கேயோ ஒரு துறைமுகம் தீர்மானிக்கிறது. விலை நல்ல நிலையில் இருக்கும் மாதத்தை வைத்துக் கூலி நிர்ணயிக்காதீர்கள். நான் அப்படித்தான் நிர்ணயித்தேன், விலை விழுந்த பிறகு குறைக்க மனம் வரவில்லை. பதினான்கு மாதம் கைக்காசில் ஈடுகட்டியதில் 1,62,000 போனது.

2021 அக்டோபர் 1ஆம் தேதி பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. எங்கள் குழுவுக்கு ஜிஎஸ்டி எண் இல்லை. வரியே நேரடியாக எங்களைத் தொடவில்லை, ஆனால் பில் இல்லாத சரக்கு என்றாலே ஆலைகள் கையை இழுத்துக்கொண்டன. பில் உள்ள பெரிய வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும், அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் தருவார். அந்த டிசம்பரில் ஒரு நாள் இரவு நல்ல மழை. கொட்டகையில் ஒரு பக்கம் தகரம் பறந்து 2 டன் அட்டை நனைந்துவிட்டது. நனைந்த அட்டையை ஈரத்துக்குக் கழித்துக்கொண்டு பாதி விலைக்குத்தான் எடுத்தார்கள். அடுத்த வாரம் மெஷினை 1,40,000க்கு விற்றேன். வட்டி 48,000. இப்படித்தான் அந்த 4,12,000. பதினோரு பேரில் நாலு பேர் நார் மில்லுக்கே திரும்பிப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க ரொம்ப நாள் கூசியது.

வழி கிடைத்தது எல்லைக்கு அந்தப் பக்கம். என் தங்கையைப் பாலக்காடு மாவட்டத்தில் கொடுத்திருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 2022 மே மாதம் அங்கே போயிருந்தபோது பச்சை உடுப்பு போட்ட இரண்டு பெண்கள் வீட்டு வாசலில் வந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, 50 ரூபாய்க்கு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹரித கர்ம சேனை. நம் குழுக்களைப் போலவே கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள்தான். நான் பின்னாலேயே போய்விட்டேன். பஞ்சாயத்துச் சேகரிப்பு மையத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர்கள் மெஷின் எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு பஞ்சாயத்தும் பிரிப்பதோடு சரி. அதற்கு மேல் பல பஞ்சாயத்துக்கும் பொதுவாக ஒரு மையம், அங்கேதான் பேல். எல்லா ஊர்ச் சரக்கையும் சேர்த்து விற்பதற்கு கிளீன் கேரளா கம்பெனி என்று ஓர் அரசு நிறுவனம். எந்த மாதம் செருப்பு, எந்த மாதம் கண்ணாடி, எந்த மாதம் பழைய துணி, எந்த மாதம் மின்னணுக் கழிவு என்று ஒரு காலண்டரே இருக்கிறது. ஒரே மாதத்தில் எல்லா ஊரிலும் கண்ணாடி எடுத்தால் அந்த மாதம் கண்ணாடியே ஒரு லாரி சேர்ந்துவிடும். நான் இரண்டரை வருடம் தலையால் தண்ணீர் குடித்தும் தீராத கணக்கை ஒரு காலண்டர் தீர்த்து வைத்திருந்தது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பன்னிரண்டு நாள் எரிந்து நகரமே புகையில் மூச்சுத் திணறியது. கேரளக் கழிவை லாரியில் கொண்டுவந்து நம் எல்லையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பொள்ளாச்சிக்காரர்களுக்கு இது புதிதில்லை. அதனாலேயே நான் ஊருக்குத் திரும்பி வந்து கேரளாவைப் பாருங்கள் என்று சொன்னபோது முதலில் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் அந்தப் பஞ்சாயத்துப் பெண்கள் எனக்குக் காட்டிய வழி சுத்தமானது. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

நமக்கு அப்படிப் பொது நிறுவனம் எதுவும் எங்கள் பக்கம் இல்லை. ஆகவே கீழிருந்து கட்டினோம். சுற்றியுள்ள இரண்டு பேரூராட்சி, இரண்டு ஊராட்சி, எங்கள் ஊர், மொத்தம் ஐந்து. எட்டு மாதம் நடையாய் நடந்தேன். செயல் அலுவலர், தலைவர், சுகாதார ஆய்வாளர், குழுத் தலைவி என்று ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க ஊர்க் குப்பையை வெச்சு உங்க ஊருக்கு என்ன லாபம்?" நான் எங்கள் நஷ்டக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். லாபத்தைக் காட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். 2016ஆம் வருடத் திடக்கழிவு விதிகளிலேயே அக்கம்பக்கத்து ஊர்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு பொதுக் குப்பைக்கிடங்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மிச்சத்தைப் புதைக்கச் சேரலாம் என்றால் நல்லதை விற்கவும் சேரலாம்தானே என்று கேட்டேன். அது இரண்டு அலுவலர்களிடம் எடுபட்டது.

2023 ஏப்ரலில் தொடங்கினோம். பேல் போடுவது நார் மில்லின் மெஷினில், கிலோவுக்கு இரண்டரை ரூபாய் வாடகை. ஐந்து ஊரிலிருந்தும் பெட் பாட்டில் மாதம் 2.6 டன் வருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு லோடு. உள்ளூரில் தனியாகப் போட்டால் 19 ரூபாய் கிடைத்த நேரத்தில் ஆலையில் 31 கிடைத்தது. பேல், வண்டி எல்லாம் கழித்து 26 கைக்கு வந்தது. ஐந்து குழுவும் சேர்ந்த கூட்டமைப்புக்கு ஜிஎஸ்டி எண் வாங்கினோம். ஆலை கட்டும் வரியை அவர்கள் வரவில் கழித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு நஷ்டமில்லை, நமக்கு முறையான பில். ஒரு தணிக்கையாளருக்கு மாதம் 1,500 ரூபாய், அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு ஊருக்கு 300. ஒரே ஊராக இருந்தபோது இந்த 1,500ஐ நினைத்துத்தான் பதிவு செய்யாமல் விட்டேன்.

ஆனால் சேர்வது சுலபம், சேர்ந்தே இருப்பதுதான் கஷ்டம். நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் வந்த பணத்தை மொத்த எடைக்குப் பங்கிட்டோம். அது பெரிய தப்பு. ஒரு ஊர் வெள்ளை பாட்டிலைத் தனியாகக் கழுவிக் கொடுக்கும், இன்னொரு ஊர் கலந்து கட்டி அனுப்பும், இரண்டுக்கும் ஒரே விலை என்றால் கழுவுகிறவள் எதற்குக் கழுவ வேண்டும்? இப்போது மூன்று தரம், தரத்துக்குத் தகுந்த விலை. ஒவ்வொரு மூட்டையிலும் ஊர் எண் எழுதிய துணி கட்டியிருக்கும், எங்கள் ஊர் 4. ஐந்தாவது லோடில் மறுபடி பி.வி.சி. வந்து 9 சதவீதம் கழித்துவிட்டார்கள். மூட்டை எண்ணை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடித்தோம், கழித்த தொகை அந்த ஊரின் பங்கில் மட்டும் குறைந்தது. அந்தக் குழுவின் அக்கா அன்றைக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் எங்கள் பெண்கள் இரண்டு பேர் அங்கே போய் இரண்டு நாள் கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஊர்ச் சரக்கில் குறை வந்ததில்லை.

எடையை இரண்டு முறை போடுங்கள், கிளம்பும் ஊரில் ஒன்று, சேரும் இடத்தில் ஒன்று, இரண்டிலும் கையெழுத்து. ஆலைச் சீட்டையும் எடைமேடைச் சீட்டையும் படம் எடுத்து ஐந்து ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் அன்றைக்கே போடுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் பேச்சு கிளம்பும். விற்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்தை எடுத்துத் தனிக் கணக்கில் வைக்கிறோம், விலை விழும் மாதத்தில் கூலியை அதிலிருந்து ஈடுகட்ட. 2020ல் எங்களிடம் அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் அந்த நாலு பேர் போயிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மனிதரை நம்பிச் சேராதீர்கள், தீர்மானத்தை நம்பிச் சேருங்கள். எங்களில் ஒரு ஊராட்சியின் தலைவர் ரொம்ப நல்லவர், வாய்ச் சொல்லே போதும் என்று இருந்துவிட்டோம். 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். கோப்பில் எதுவும் இல்லாததால் அவரால் வண்டியை அனுப்ப முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை. நாலு மாதம் அந்த ஊர்ச் சரக்கு நின்றுவிட்டது. மற்ற ஊர்களில் மன்றத் தீர்மானம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கத் தீர்மானம் போதும்: என்ன சரக்கு, யார் வண்டி, எந்த நாள், பணம் எத்தனை நாளில், விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு.

பல அடுக்கு கவர் இன்னும் எங்களுக்கு வருமானம் இல்லாத சரக்குதான். மதுக்கரை, அரியலூர் போன்ற இடங்களில் சிமெண்ட் ஆலைச் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் எரிபொருளாகப் போடுகிறார்கள். அனுப்பி வைப்பதற்குத்தான் செலவு. தனி ஊராக இருந்தபோது அந்தச் செலவைத் தாங்க முடியாமல் மூன்று டன்னும் பின்பக்கக் குழியில்தான் போனது, அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இப்போது ஐந்து ஊரும் சேர்ந்து முழு லாரியாக அனுப்புவதால் ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனிகள் அந்த அளவுக்குக் கழிவு திரும்ப எடுக்கப்பட்டதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழை உருவாக்கிக் கம்பெனிகளுக்கு விற்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த ஆலைகள், சேகரித்துக் கொடுக்கும் நாமில்லை. ஆனால் நாம் அனுப்பும் சரக்கில்தான் அந்தச் சான்றிதழே பிறக்கிறது. ஆலையோடு விலை பேசும்போது இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். பதிவு பெற்ற ஆலையா என்று கேளுங்கள், சான்றிதழில் வரும் பணத்தில் நமக்கு என்ன என்றும் கேளுங்கள். வருடத்துக்கு முப்பது டன் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள், கவருக்கு வண்டி வாடகையில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள்.

கண்ணாடி மட்டும் இன்னும் தீரவில்லை. மது பாட்டிலுக்கு இப்போது கடையிலேயே 10 ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருப்பதால் அது தெருவில் கிடப்பது குறைந்துவிட்டது, அது நல்லதுதான். ஜாம், ஊறுகாய், மருந்து பாட்டில், உடைந்த சில்லு, இவை கனம், விலை இல்லை, கையை வெட்டுகின்றன. ஐந்து ஊரும் பாலக்காட்டுக் காலண்டர் மாதிரி ஜூலை மாதம் மட்டும் கண்ணாடி எடுப்பது என்று இந்த வருடம் முடிவு செய்திருக்கிறோம். எத்தனை டன் சேரும் என்று தெரியாது, எடை போட்டால்தான் தெரியும்.

உடுமலைப் பெண்ணிடம் கடைசியாக, மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். 20,000 கொடுத்திருக்கிறார்களாம். நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள், பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பக்கத்து ஊர்க் குழுவில் யாரையாவது தெரியுமா என்று கேட்டதற்கு, ஒரு ஊரில் அவருடைய நாத்தனாரே தலைவியாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு பேரும் தராசு வாங்கப் பொள்ளாச்சி வருகிறார்கள். நான் எங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.